டைல்ஸ் பதிக்கும் முன் பொலிஷ் போட்ட கதை

டைல்ஸ் பதிக்க வந்த மேசன் பாஸ் குளியலறைத் தரைப் பலகையில் ஒரு கை தண்ணீரைத் தெளித்தார். தண்ணீர் ஊறவில்லை, சேம்பிலையில் நிற்பது போல முத்து முத்தாக நின்றது. அவர் நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் என் கண்ணிலேயே இருக்கிறது.

"இது எப்ப போட்ட பொலிஷுங்க, டீச்சர்?"

"நேத்துதான்" என்றேன், பெருமையாக வேறு.

அக்கரப்பத்தனைத் தேயிலைத் தோட்டத்தில் எங்களுடையது வெள்ளைக்காரன் காலத்து வீடு. குளியலறைக்கும் மரத்தளம்தான். இடுப்பெலும்பு முறிந்து கண்டியில் ஆபரேஷன் செய்திருந்த என் அக்கா ஞாயிற்றுக்கிழமை வீடு திரும்ப இருந்தாள். பலகை இடுக்கில் ஊன்றுகோல் மாட்டி மறுபடியும் விழுந்துவிடுவாளோ என்ற பயத்தில்தான் டைல்ஸ் பதிக்க பாஸை வரச் சொன்னேன். ஆனால் தோட்டத்துப் பழக்கம் விடுமா? யார் வந்தாலும் முதல் நாளே தரைக்குச் சிவப்புப் பொலிஷ் போட்டுத் தேய்க்காவிட்டால் எங்களுக்கு மனசு ஆறாது. தரையை மூட வருகிறவருக்காகத் தரையைப் பளபளப்பாக்கிய புத்திசாலி நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

பழைய பலகையின் மேலேயே, டைல்ஸுக்கு அடியில் வரும் சிமெந்துப் போர்டை ஒட்டிவிடலாம் என்று வந்தவர் அவர். "மெழுகு மேல பசை பிடிக்காதுங்க. இத்தன வருஷத்துப் பொலிஷு, சொரண்டினாலும் போகாது. பலகையக் கழட்டித்தான் ஆகணும்" என்றார். அன்று புதன்கிழமை. எனக்கு வந்த கோபம் முழுக்க என் மேல்தான்.

மூன்றாவது பலகையைப் பெயர்த்ததும் அவர் கை நின்றது. கீழே தாங்கியிருந்த குறுக்கு மரத்தில் உளியை வைத்தார். பாண் ரொட்டியில் கத்தி இறங்குவது போல இறங்கியது. உள்ளே அத்தனையும் உளுத்துப்போயிருந்தது.

"இது மேல டைல்ஸ் பாரத்தையும் ஏத்தியிருந்தா, அக்கா கால வச்சதும் உள்ள போயிருப்பாங்க. ஒங்க பொலிஷ்தான் டீச்சர் காப்பாத்துச்சு."

நான் அப்படியே வாசற்படியில் உட்கார்ந்துவிட்டேன். அழுகை வந்தது, சிரிப்பும் வந்தது.

புதுக் குறுக்கு மரங்கள், தடித்த பிளைவுட், அதன்மேல் சிமெந்துப் போர்டு. ஒவ்வொன்றுக்கும் மட்டம் வைத்துப் பார்த்தார். நம்பிக்கையில்லாமல் ஏறிக் குதித்தும் பார்த்தார். வெள்ளிக்கிழமை டைல்ஸ் பதித்து, சனிக்கிழமை இடுக்குகளை அடைத்து முடித்தார். இப்போதும் பஸ்ஸில் கண்டால், "என்ன டீச்சர், பொலிஷ் போட்டாச்சுங்களா?" என்று எல்லோர் முன்னாலும் கேட்டுவிடுவார்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தாள். பிடிக்கப் போன என் கையைத் தட்டிவிட்டு, கோலை ஊன்றி ஊன்றிக் குளியலறைக்குள் போனாள். நான் கதவருகே நின்றேன்.

"என்னடி காவல் நிக்கிற? நான் என்ன சின்னப் புள்ளையா?"

ஆஸ்பத்திரியில் இத்தனை நாளும் ஆள் தாங்கிப் பிடித்தே முகம் கழுவியவள், கதவைச் சாத்தி, உள்ளே தாழ்ப்பாளைப் போட்டாள்.