குசினி இல்லாத கடற்கரை

லண்டனில், சட்டனில் ஒரு ஆரம்பப் பள்ளியின் குசினியில் பதினெட்டு வருடங்களாக வேலை செய்கிறேன். பகலெல்லாம் அங்கே சமையல், பின்னேரம் மிச்சமிருக்கும் தெம்பில் எங்கள் வீட்டில் சமையல். போன வருடத் தொடக்கத்தில் வலது தோளைத் தூக்க முடியாமல் போனது. ஊசி போட்டார்கள். கைக்கு ஓய்வு கொடுக்கச் சொன்னார்கள். அதைக் கேட்டுத்தான் கணவர் சொன்னார்:

"மே மாசம் ஸ்கூல் லீவுக்கு எங்கையாவது கடற்கரையில போய் ஒரு கிழமை சும்மா இருப்பம். நீர் இடத்தைப் பாரும்."

சும்மா இருப்பது என்ற சொல் எனக்கு அவ்வளவு பிடித்திருந்தது. பஸ்ஸில் போகும்போதும் வரும்போதும் போனில் தீவு தீவாகப் பார்த்தேன். கடைசியில் மால்டாவில் ஒரு ஹோட்டல் மனதில் நின்றது. காலைச் சாப்பாடும் இரவுச் சாப்பாடும் அவர்களே தருவார்கள். அறைக்கு ஒரு பால்கனி, அதற்கு நேர் கீழே கடல்.

ஒரு ஞாயிறு மத்தியானம் லண்டனின் மறுபக்கம், குட்மேய்ஸிலிருந்து கணவரின் தமையனும் மனைவியும் வந்தார்கள். இரண்டு குடும்பமாகப் போனால் கலகலப்பாக இருக்கும் என்று அவர்களையும் கணவர் கூப்பிட்டிருந்தார். சாப்பிட்டு முடிந்ததும் லாப்டாப்பை டிவியோடு இணைத்து அந்த ஹோட்டலைக் காட்டினேன்.

"குசினி இருக்கோ?" என்றார் தமையன்.

"இல்லை அத்தான், ஹோட்டல்தானே."

"அப்ப சரிவராது. அவையின்ர சாப்பாட்டை எத்தினை நாளைக்குச் சாப்பிடுறது?"

கணவர் லாப்டாப்பைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். அதற்குப் பிறகு டிவியில் கடல் வரவில்லை, அடுப்புகள் வந்தன. கிரீட்டில் ஒரு வில்லா, நாலு அடுப்பு. சைப்பிரஸில் ஃப்ரிட்ஜ் சிறிது, வேண்டாம். சிசிலியில் எல்லாம் பெரிது, பக்கத்திலேயே மீன் சந்தை.

"நல்ல மீனா வாங்கிக் குழம்பு வைக்கலாம்."

"அரிசியும் கறித்தூளும் இஞ்சையிருந்து கொண்டு போகலாம்."

"காலமை புட்டு அவிக்கலாம், அண்ணை."

வைக்கலாம், போகலாம், அவிக்கலாம். தமிழில் ஆள் பெயர் சொல்லாமலே ஒரு வசனத்தை முடித்துவிடலாம். யார் என்று யாரும் சொல்லவில்லை, சொல்லத் தேவையும் இருக்கவில்லை. அந்த வசனங்களுக்குள் ஒளிந்திருந்தது நான். ஊசி போட்ட என் தோள் ஒளிந்திருந்தது.

"ஆர் அவிக்கிறது?" என்று கேட்டேன்.

அண்ணனும் தம்பியும் நான் வேறு பாஷையில் பேசியதுபோலப் பார்த்தார்கள். "நீங்கள் ரெண்டு பேரும் சேர்ந்து செய்தா அரை மணித்தியாலம்," என்றார் கணவர். தமையன் சிரித்தார். "வெங்காயம் நாங்கள் வெட்டித் தருவம்."

"நான் வரேல்லை. நீங்கள் போய் அவியுங்கோ."

எழுந்து குசினிக்குள் போனேன். போவதற்கும் எனக்கு வேறு இடம் இருக்கவில்லை என்பது இன்னும் எரிச்சலைக் கிளப்பியது. பின்னாலேயே தமையனின் மனைவி வந்தார். அக்கா என்றுதான் அவரைக் கூப்பிடுவேன். இத்தனை வருடத்தில் மூன்று வசனத்துக்கு மேல் நாங்கள் மனம்விட்டுக் கதைத்ததில்லை. கதவைச் சாத்திவிட்டு மெதுவாகச் சொன்னார்:

"போன வருசம் சைப்பிரஸ் போனனாங்கள் எல்லே. ஒரு நாள்தான் கடலுக்குள்ள கால் வைச்சனான். மற்ற நாளெல்லாம் பாத்திரம் கழுவி முடிய வெயில் போயிடும்."

அந்தப் பயணத்தில் அவர் தொப்பியும் கறுப்புக் கண்ணாடியுமாக நின்ற படத்தைப் பார்த்து நான் பொறாமைப்பட்டிருந்தேன். அந்த ஒரு நாள் எடுத்த படமாம்.

"உந்த ஹோட்டலுக்கு நானும் வாறன். ஏலுமெண்டா இப்பவே புக் பண்ணும்," என்றார்.

அடுப்புப் பக்கத்தில் நின்றபடியே, இரண்டு கட்டில் உள்ள அறையைப் போனில் பதிவு செய்தோம். ஹோலுக்குள் போய்ச் சொன்னபோது கணவர் கேட்ட முதல் கேள்வி, "சனம் என்ன சொல்லும்?" தமையன் கார்ச் சாவியை எடுத்தார்.

மே மாதம் நாங்கள் இரண்டு பேரும் போனோம். அந்த ஒரு கிழமைக்கு மூன்று நாள் முன்பிருந்தே கணவர் என்னோடு கதைப்பதைக் குறைத்துவிட்டார். ஆனாலும் கட்விக் விமான நிலையத்துக்கு அவர்தான் கொண்டுபோய் விட்டார். பெட்டியை இறக்கும்போது, "தோள், பாரமா ஒண்டும் தூக்காதையும்," என்றார். இதை அந்த ஞாயிறு சொல்லியிருக்கலாமே என்று எனக்கு மறுபடி பற்றிக்கொண்டு வந்தது.

முதல் இரவு மீனும் உருளைக்கிழங்கும் தந்தார்கள். உறைப்பில்லை, ருசி இருந்தது. சாப்பிட்டு முடிந்ததும் அக்கா எழும்பி, என் தட்டைத் தன் தட்டின்மேல் அடுக்கி, பக்கத்து மேசைக் கோப்பைகளுக்கும் கை நீட்டினார். பரிமாறும் பெண் ஓடி வந்து வாங்கிக்கொண்டாள். அக்கா வெட்கத்தோடு மறுபடி உட்கார்ந்தார். கைகளை எங்கே வைப்பதென்று தெரியாமல் மடியில் வைத்தார், மேசையில் வைத்தார், பிறகு கைப்பையைப் பிடித்துக்கொண்டார். அவருக்கு அறுபத்தொரு வயது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார்மீது என்று பிரித்துச் சொல்ல முடியாத கோபம். அதில் என்மீதும் கொஞ்சம் இருந்தது.

நாலாம் நாள் அவர் காலையிலிருந்து மத்தியானம்வரை கடலுக்குள் நின்றார். கழுத்தெல்லாம் கறுத்துப் போனது.

திரும்பி வந்த மாதம் ஒரு கல்யாண வீட்டில் தெரிந்த பெண் ஒருத்தி என் கையைப் பிடித்து, முகத்தைச் சுருக்கிக்கொண்டு கேட்டாள்: "புருசன்மாரை விட்டிட்டு எப்பிடிப் போனனீங்கள்?"

"கட்விக்கில இருந்து பிளேனில," என்றேன்.