மூன்று இதழோடு நின்ற விண்கலம்

பக்கத்து வீட்டில் மோட்டார் சைக்கிள் சங்கிலியை மண்ணெண்ணெயில் கழுவுகிறார்கள். சன்னலைச் சாத்தினேன், மணம் போகவில்லை. அது பெரியப்பாவின் அச்சகத்து மணம். திருகோணமலைத் துறைமுகத்துக்குப் போகும் வீதியில், ஒற்றை அறையில், அச்செழுத்துகளை மண்ணெண்ணெயில் கழுவித்தான் காயவைப்பார்.

அங்கேதான் அவர் ‘கோள்மண்டலம்’ என்ற அறிவியல் புனைகதை மாத இதழை நடத்தினார். எழுத்துக் கோக்கும்போது வரிகளை வாய்விட்டு வாசிப்பது அவர் பழக்கம். அதனால் தொடர்கதையை எல்லோருக்கும் முன்பே நான் கேட்டுவிடுவேன். மூன்றாம் இதழில் விண்கலம் உடைந்து, குமரன் சனிக்கோளின் நிலவொன்றில் தனியே நின்றான். அவனிடம் ஒரு மாதத்துக்கான பிராணவாயுதான் இருந்தது. நான் நாட்களை எண்ணினேன்.

நான்காம் இதழ் வந்தது. அதே பெயர், அட்டையில் அதே சனிக்கோள். உள்ளே பன்னிரண்டு ராசிகளுக்கும் மாத பலன்.

“பெரியப்பா, குமரன் எங்கை?”

“அவனை விடடா. மூண்டு இதழும் விக்காமல் கட்டுக்கட்டாக் கிடக்கு. பலன் எண்டால் தூரத்துத் திரியாய் ஊரில இருந்தும் சனம் தேடி வருது.”

“அடுத்த இதழில காப்பாத்துவன் எண்டு சொன்னனீங்கள்.”

“சொன்னனான்தான். அவனுக்காக அழுகிறது நீ ஒருத்தன்தான். உன்ர ராசி என்ன, சொல்லு. நல்ல பலனாப் போட்டு விடுறன்.”

அச்சு இயந்திரத்தருகே நின்ற வேலையாட்கள் இருவரும் சிரித்தார்கள். நான் சொல்லவில்லை. பிற்காலத்தில் கல்யாணப் பேச்சுக்குச் சாதகம் கேட்டபோதும் கொடுக்க மறுத்தேன். இரண்டு சம்பந்தங்கள் அதனால் தவறிப்போயின.

பெரியப்பா போய்ச் சேர்ந்து பல வருடமாகியும் எனக்கு ஆறவில்லை. பன்னிரண்டு ராசிகளுக்கும் இடமிருந்த இதழில், குமரனைக் கரையேற்ற அரைப்பக்கம் போதுமாயிருந்தது.