ஹோப்பர் ஏரியில் கால் நனைக்காத ஹோப்பர்

மடக்கு நாற்காலியின் முன்கால்கள் சாலையோர வெள்ளைக் கோட்டைத் தொடாதபடி, விரற்கடை தள்ளிப் போட்டு உட்கார்ந்திருக்கிறார் ட்ரூடி ஹோப்பர். கோட்டுக்கு இந்தப் பக்கம் அவர் வீடு. அந்தப் பக்கம் எங்கள் ஏரி. கோடைக் காலையில் காவலாளி விசில் ஊதிக் கரையைத் திறப்பான். "தொறந்துட்டான், குளிங்க குளிங்க" என்று சொல்லிவிட்டு ட்ரூடி சோளக்கதிர் உரிக்கத் தொடங்குவார்.

ஏரிக்குப் பெயரே ஹோப்பர் ஏரிதான். ஆனால் ஹோப்பர் வீட்டார் அதில் இறங்கக் கூடாது. இந்த இடம் ஒரு காலத்தில் ட்ரூடியின் தாத்தா மாடு மேய்த்த பள்ளம். நியூயார்க்கிலிருந்து வந்த மனை வியாபாரி ஒருவன் அதை விலைக்கு வாங்கி, ஓடையை மறித்து அணை போட்டு, தண்ணீர் நிறைந்ததும் சுற்றிலும் மனை பிரித்து விற்றான். மனை வாங்கியவர்களுக்கு மட்டுமே ஏரியில் உரிமை என்று பத்திரத்தில் எழுதினான். தாத்தா விற்றவர், வாங்கியவர் அல்லவே. தனக்கும் சேர்த்து ஒரு வரி எழுதச் சொல்ல அவருக்குத் தோன்றவில்லை. நான் எட்டாம் வகுப்பைத் தாண்டாதவன். நானாக இருந்தால் கேட்டிருப்பேன். இந்தக் கரையில் நிற்கும் வீடுகளில் பாதி என் கையால் எழும்பியவை. ஒன்றிலாவது கூரை ஒழுகுகிறது என்று எவனாவது சொல்லட்டும், பார்க்கலாம்.

ட்ரூடி பள்ளிப் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். ஊர்ப் பெரிய மனிதர்கள் எல்லாம் அவருக்கு இன்றைக்கும் இருக்கை எண்கள்தான். வங்கி மேலாளர் காரை நிறுத்தி நலம் விசாரித்தால், "மூணாவது சீட்டா! இப்பவும் வளைவு வந்தா வாந்தி வருதாடா?" என்பார். ஒரு நாள் நீதிபதியையே மடக்கினார். "சூயிங்கத்த எங்க ஒட்டின? இப்பவாச்சும் சொல்லித் தொலை." நீதிபதிக்குக் காது வரை சிவந்துவிட்டது.

இந்தக் கோடையில் அணையைப் பார்வையிட வந்த அரசு அதிகாரிகள் கெடு வைத்துவிட்டுப் போனார்கள். பனி விழுவதற்குள் மராமத்து செய்ய வேண்டும், இல்லாவிட்டால் அணையை உடைத்து ஏரியை வடித்துவிட வேண்டும். மனை வாங்கியவர்களின் ஏரிச் சங்கத்துக்குத் தலைவர் நான். பணத்தைத் திரட்டிவிட்டேன். அணையடிக்கு லாரி போகத்தான் வழியில்லை. இருந்த ஒரே வழி ட்ரூடியின் கொல்லை. கடிதம் அனுப்பலாம் என்றார் சங்கத்து வக்கீல். "உங்க கடுதாசிய வெச்சு அவ அடுப்புப் பத்த வெப்பா" என்று சொல்லிவிட்டு நானே நடந்து போனேன்.

கொல்லையில், பழைய வண்டிப்பாதைக்குக் குறுக்கே கொடி கட்டிப் போர்வைகளை உலர்த்திக்கொண்டிருந்தார்.

"வாய்யா ரொக்கோ. அணை கசியுதாமே? நீ கட்டினதா?"

"நான் கட்டியிருந்தா ஏன் கசியும்? ட்ரூடி, இந்த வழியா லாரி போகணும்."

"விடலன்னா?"

"ஏரி இருக்காது."

"எங்க தாத்தா பள்ளம் இருக்கும்ல?" வாயில் கவ்விய கிளிப்போடு சிரித்தார்.

"ஏரியில எறங்க எங்க ஆளுங்க குத்திக்கற பேட்ஜ் உனக்கும் தர்றோம். ஓட்டெடுத்து முடிவு பண்ணியாச்சு. ஆயுசுக்கும் காசு கட்ட வேணாம்."

"எனக்கு நீச்சலே தெரியாதேப்பா. பேட்ஜக் குத்திக்கிட்டு வாத்துக்குக் காட்டவா?"

கொண்டுபோயிருந்த பேட்ஜை மறுபடி சட்டைப் பையில் போட்டுக்கொண்டேன்.

ஒரு போர்வையை உதறியபடி கேட்டார். "வேல நடக்கறப்ப தண்ணிய வடிச்சுருவீங்கல்ல?"

"ஆமா, ரெண்டு மாசம்."

"ஏரி நடுவுல, தண்ணிக்கடியில கல்லுச் சுவர் ஒண்ணு இருக்கு. தாத்தா அடுக்கினது. போன தடவ தண்ணி எறக்கினப்ப கிட்டப் போய்ப் பாக்கலாம்னு எறங்கினேன். விசில் ஊதிட்டாங்க. சேத்துல நிக்கவும் பேட்ஜ் வேணுமாம்!"

"இந்தத் தடவ எவனும் ஊத மாட்டான். ஊதினா விசில முழுங்க வெப்பேன். சுவத்து மேல நாள் பூரா உக்காந்துக்க."

"ரெண்டு மாசம். அப்புறம் மறுபடி முழுகிரும். வேணாம்னு ஒரு வார்த்த சொன்னா, இங்க உக்காந்து அந்தச் சுவர எப்பவும் பாத்துக்கிட்டிருப்பேன்."

சாலைக்கு அப்பால் குதிமேடையிலிருந்து ஒரு குழந்தை வீறிட்டுக்கொண்டே தண்ணீரில் விழுந்தது. கூடவே சிரிப்பும் கைதட்டலும். ட்ரூடி தலையைச் சாய்த்துக் கேட்டார்.

"ரெண்டாவது சீட்டோட பேத்தி. அதே தொண்ட."

பிறகு கிளிப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார். சொட்டச் சொட்டப் போர்வைகளை என் இரண்டு கைகளிலும் அடுக்கினார். என் சட்டையெல்லாம் நனைந்தது. "கீழ போட்டுராத" என்று சொல்லிவிட்டு மேப்பிள் மரத்தடிக்குப் போய், வண்டிப்பாதையை மறித்திருந்த கொடிக்கயிற்றின் இறுகிப்போன முடிச்சைப் பல்லால் கடித்து அவிழ்க்க ஆரம்பித்தார்.