தொந்தரவு இல்லை

2024 ஜூலை 16, செவ்வாய். காலை ஆறு மணிக்கு மனைவிக்கு வலிக்கான மார்ஃபின் மாத்திரை கொடுத்து, நோட்டில் நேரம் எழுதினேன். ஆறரைக்குச் சாமைக் கஞ்சி, அரை டம்ளர். ஏழுக்கு முதுகு துடைத்துப் புரட்டிப் படுக்கவைத்தேன். மார்பில் தொடங்கிய புற்றுநோய் முதுகெலும்புக்கு வந்த நாளிலிருந்து நோட்டில் ஒரு நாளும் எழுதாமல் விட்டதில்லை.

பதினொன்றுக்கு, ஒடுகத்தூரிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை மலையேறி வரும் நர்ஸின் ஜீப் வந்தது.

"தூக்கம் எப்படிக்கா?" என்று நர்ஸ் என் மனைவியிடம் கேட்டார்.

"நாலு மணி நேரம். ஒரு தரம் முழிச்சா," என்றேன், நோட்டைப் பார்த்து.

"வலி?"

"பத்துக்கு மூணு."

"அண்ணா, பரீட்சை அக்காவுக்கு. நீங்க எழுதிட்டிருக்கீங்க."

"அவரையே கேளும்மா," என்றாள் மனைவி. "எனக்கு இன்னா பண்ணுதுன்னு அந்த நோட்டுக்குத்தான் தெரியும்."

நர்ஸ் என்னை வெளியே அனுப்பினார். குழாயடியில் நாற்பது நிமிடம் நின்றேன். உள்ளே அவள் அழுவது கேட்டது. வலியில்கூட அவள் அப்படி அழுததில்லை.

வெளியே வந்த நர்ஸ் குரலைத் தாழ்த்தினார். "அக்கா சொல்லச் சொன்னத மட்டும் சொல்றேன். காலையில முழிப்பே வரக்கூடாதுன்னு தோணுதாம். ஒரு மாசமா."

அந்த மாதத்தின் பக்கங்களைப் புரட்டினேன். 'அமைதியாகப் படுத்திருந்தாள். தொந்தரவு இல்லை.' அநேகமாக எல்லா நாளிலும் அதே வரி.

"நோவுல வர்ற சோர்வுன்னு நெனச்சேன்."

"அதுவும் இருக்குது. ஆனா இது மனச்சோர்வு, தனி வியாதி. டாக்டர்கிட்ட போன்ல பேசிட்டேன். இன்னிக்கே மாத்திரை ஆரம்பிக்கலாம். மருந்து வேலை செய்யறதுக்கு ரெண்டு மூணு வாரம் ஆகும். நான் தெனம் அக்காகிட்ட போன்ல பேசறேன்."

"அவளுக்கு அத்தினி நாள் இருக்குதாம்மா?"

அவர் என் கையிலிருந்த நோட்டைப் பார்த்தார். "தெரியலண்ணா. தனியா வுடாதீங்க. மருந்தெல்லாம் உங்க கையிலயே வெச்சிக்குங்க."

"நான் இன்னா பேசறது?"

"தெரியலன்னா பேசாதீங்க. எழுதாம பக்கத்துல உக்காருங்க, போதும்."

அன்று முழுவதும் அவள் என்னிடம் பேசவில்லை. இரண்டு முறை நோட்டைத் திறந்து, எதுவும் எழுதாமல் மூடினேன்.

மறுநாள் ஆறு மணிக்கு முதல் வேலையாக மருந்தைக் கொடுத்தேன். பேனாவை எடுக்காமல் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தேன்.

"எழுதலையா?"

"அப்புறம்."

அவள் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள். நான் எழுந்திருக்கவில்லை.