அதிகமாக மின்னிய சிஸ்டம்

தோள்பட்டை வலிக்கு மருத்துவம் பார்த்துக்கொள்ள ரோஸ்விதா ட்ரிங்க்ஸ் மைனிங்கன் போயிருந்தாள். பஸ்ஸை விட்டு இறங்கி ஸூல் ஊரின் மேட்டுத் தெருவில் ஏறி வருவதற்குள் வலி பழைய இடத்துக்கே வந்துவிட்டது. அவளுடைய துப்பாக்கிப் பட்டறை வாசலில் கணவன் ஹாரால்ட் நின்றிருந்தான். முகம் கழுவி, தலை சீவி, சட்டைகூட மாற்றியிருந்தான். அதைப் பார்த்ததுமே அவளுக்கு லேசாகப் பயம் பிடித்தது. வேலை பார்த்த தொழிற்சாலையை மூடிய பிறகு அவன் பகலில் தலை சீவி அவள் பார்த்ததில்லை.

"உள்ள வா ரோஸி. கோட்ட அப்பறம் கழட்டிக்கலாம்."

மேசைமேல் வெள்ளைத் துணியில் வாடிக்கையாளர் ஓர்லாமுண்டருடைய சிஸ்டம் இருந்தது. குழலையும் மரக்கட்டையையும் எடுத்துவிட்டால் துப்பாக்கியில் மிஞ்சும் நடுப்பகுதியை அந்த ஊரில் அப்படித்தான் சொல்வார்கள். தோட்டா உள்ளே போய், தாழ் திரும்பிப் பூட்டிக்கொள்ளும் இடம் அது. மற்றதெல்லாம் அதைச் சுற்றிக் கட்டுவதுதான்.

காலையில் அவள் கிளம்பியபோது அது துருவேறிய இரும்புத் துண்டு. இப்போது ஆற்றில் கழுவி எடுத்த மீன் போல் மின்னியது.

"எண்ணெய்ல ஊறப்போட்டுத் துணியால துடைன்னுதான சொன்னேன்?"

"துடைச்சேன். உள்ளுக்குள்ள குழிகுழியா இருந்துச்சு. அப்படியே விடச் சொல்றியா? ஒரு குழி காட்டு பாப்போம். ஒண்ணே ஒண்ணு."

அவள் கண்ணாடியை மாட்டிக்கொண்டு பார்த்தாள். ஒரு குழியும் இல்லை. குழல் செருகும் வளையத்தின்மேல் மங்கலாகத் தெரிந்த கிரீட முத்திரையும் ஆண்டு எண்ணும்கூட இல்லை.

"உள்ளேயும் மெருகு போட்டியா?"

"குச்சில ஃபெல்ட் துணி சுத்தி விட்டேன். மூலைமுடுக்கு ஒண்ணு விடல." அவன் சிரித்தான். "இரு, காபி போடறேன்."

அவன் படியேறிப் போனதும் அவள் ஊசி அரம் ஒன்றை எடுத்தாள். தாழின் இரண்டு காதுகளும் போய் முட்டி நிற்கும் படியில், ஓரமாக, அழுத்தாமல் ஒரு தடவை இழுத்தாள். கடினமான இரும்பில் அரம் வழுக்கிக்கொண்டு ஓட வேண்டும். இதில் கடித்தது. வளையத்தில் வைத்தாள். அங்கேயும் கடித்தது. அவள் உட்கார்ந்துவிட்டாள்.

ஹாரால்ட் தொழிற்சாலையில் மெருகு போடும் பிரிவில் இருந்தவன். அங்கே அவன் கைக்கு வந்தவை எல்லாம் உள்வரை ஒரே கடினமான புது எஃகு. எவ்வளவு தேய்த்தாலும் அதற்கு ஒன்றும் ஆகாது. முதல் உலகப் போர்க்காலத்துச் சிஸ்டம் அப்படியல்ல. உள்ளே மென்மையான இரும்பு, மேலே மட்டும் காகிதக் கனத்தில் ஒரு கடினத் தோல். துருவை எடுக்கலாம், குழியை எடுக்கக் கூடாது. குழியின் அடிவரை போனால் தோல் போய்விடும். அவளுக்கு இது தெரியும். அவனுக்குத் தெரியாது என்பது அவளுக்குத் தெரியாமல் போயிற்று. இத்தனை வருடம் ஒரே தொழில் என்று நினைத்துக்கொண்டு ஒரே மேசையில் சாப்பிட்டிருக்கிறார்கள்.

காபி ஆறுவதற்குள் ஓர்லாமுண்டரே வந்துவிட்டார். எட்டிப் பார்த்தவர் தொப்பியைக் கழற்றினார்.

"அடேயப்பா. இது எங்க அப்பாவுதா?"

"இல்ல, எங்க அப்பாவுது. உம்மத வித்துக் குடிச்சிட்டோம்" என்றான் ஹாரால்ட்.

"குடிக்கிற ஆளுதானய்யா நீ."

1945இல் நாடு போரில் தோற்று, துப்பாக்கி வைத்திருந்தால் சுட்டுவிடுவார்கள் என்று அறிவிப்பு வந்தபோது ஓர்லாமுண்டரின் அப்பா குழலைக் குளத்தில் எறிந்தார், கட்டையை அடுப்பில் வைத்தார். சிஸ்டத்தை மட்டும் பன்றிக் கொழுப்பில் புதைத்துப் புகைபோக்கிச் சுவரில் செருகிவிட்டார். துப்பாக்கி செய்யும் ஊரில் எவனும் சிஸ்டத்தை எறிய மாட்டான். உயிருக்குப் பயந்தாலும் மாட்டான். போன வருடம் கூரை பிரித்தபோது அது மகன் கைக்குக் கிடைத்தது.

"வேட்டைக்காரங்களுக்குன்னே செஞ்ச உயர்ந்த ரகம்னு அப்பா சொல்வாரு. அப்படித்தானம்மா?"

ரோஸ்விதா இடப்பக்கச் சுவரில் இருந்த வளைவான வெட்டைத் தொட்டுக் காட்டினாள். "இது கட்டைவிரல் போறதுக்கு. சிப்பாய் மேலேர்ந்து தோட்டாவ அமுக்கித் தள்ளணும்ல. வேட்டைக்குன்னே செஞ்சதுல பெரும்பாலும் இது இருக்காது. ராணுவத்துதுங்க. சண்டை முடிஞ்சு மிஞ்சினத வாங்கி, இங்க யாரோ வேட்டைத் துப்பாக்கியா மாத்தியிருக்காங்க."

ஓர்லாமுண்டர் கொஞ்சம் முகம் வாடினார். "சரி, எதுவானா என்ன. குழல மாட்டிருங்க. மே பொறந்ததும் மான் வேட்டை ஆரம்பம். அந்த முதல் நாளு இதோடதான் காட்டுக்குப் போவேன்."

உண்மையைச் சொல்லாமல் தப்ப அவளுக்கு இன்னொரு வழி இருந்தது. குழலை மாட்டிச் சோதனைச் சாலைக்கு அனுப்பிவிடலாம். அங்கே ஆள் மறைவில் நின்று, கூடுதல் வெடிமருந்துள்ள தோட்டாவை வெடித்துப் பார்ப்பார்கள். தேறாவிட்டால் இரும்பு பழசு என்று எல்லோரும் சொல்வார்கள், ஹாரால்ட் பேச்சே வராது. தேறிவிட்டால்? தேறினாலும் மென்மையான படி ஒவ்வொரு சூட்டுக்கும் முடியளவு பின்வாங்கும். பிறகு ஒரு நாள், ஓர்லாமுண்டரின் கன்னம் கட்டையில் ஒட்டியிருக்கும்போது, தோட்டாவின் பின்பக்கம் பிளக்கும். அது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்தும், ஒருமுறையாவது இல்லை என்று சொல்லும் வேலையை வேறு யாராவது செய்துவிட மாட்டார்களா என்றிருந்தது. வங்கிக்காரனிடம், மாமியாரிடம், வாடிக்கையாளரிடம் எல்லாம் அவள்தான் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

ஹாரால்ட் சிஸ்டத்தை வெளிச்சத்தில் திருப்பித் திருப்பி ஓர்லாமுண்டருக்குக் காட்டிக்கொண்டிருந்தான். "உம்ம மீசை தெரியுது பாரும், நரைச்சது உட்பட."

"ஹாரால்ட்" என்றாள் அவள். "இந்த அரத்த வாங்கி அந்தப் படில ஒரு இழு இழு."

"எதுக்கு?"

"இழு."

இழுத்தான். பிறகு அரத்தைத் திருப்பிப் பார்த்தான். பல்லில் இரும்புத்தூள் இருந்தது. தாழை எடுத்து அதன் காதில் வைத்துப் பார்த்தான், வழுக்கியது. மறுபடி படிக்கு வந்தான், கடித்தது. அவளுக்கு விளக்க வேண்டியிருக்கவில்லை. மெருகு போடுகிறவனுக்கு இரும்பின் தோல் கையிலேயே தெரிந்துவிடும்.

"என்னய்யா?" என்றார் ஓர்லாமுண்டர்.

அவள் வாயைத் திறந்தாள். 'எங்கள் பட்டறையில்' என்று தொடங்கலாமா என்று யோசித்தாள். அதற்குள் அவனே சொன்னான்.

"நான் கெடுத்துட்டேன். மேல்தோல மொத்தமா தேய்ச்சு எடுத்துட்டேன். இதுல சுட்டா உம்ம மூஞ்சிதான் போகும்."

"மறுபடி கடினம் ஏத்த முடியாதா?" ஓர்லாமுண்டர் அவளைப் பார்த்துக் கேட்டார்.

"சூளைல வச்சா வளையலாம், விரிசல் விடலாம். சுடலாம்னு நான் கையெழுத்துப் போட மாட்டேங்க. வேற யாராவது போட்டா அவங்ககிட்டயும் குடுக்காதீங்க."

ஓர்லாமுண்டர் சிஸ்டத்தை வெள்ளைத் துணியோடு சேர்த்துச் சுற்றினார். கோபமாகப் பேசியிருந்தால் கொஞ்சம் நன்றாக இருந்திருக்கும். "அப்பா கொழுப்புக்குள்ளயே வச்சிருந்தாரு" என்று மட்டும் சொன்னார். கதவைச் சத்தமில்லாமல் சாத்திவிட்டுப் போனார்.

ஹாரால்ட் மெருகுச் சக்கரத்தின் மின் கம்பியைப் பிடுங்கிச் சுருட்டினான். வெகுநேரம் சுருட்டினான்.

"இனிமே எதையும் தொடாதேன்னு சொல்லப் போற."

"தொடு. கேட்டுட்டுத் தொடு."

"கேட்டா வேணாம்ப."

அவள் தோளைப் பிடித்துவிட்டுக்கொண்டே யோசித்தாள். பொய் சொல்லத் தெம்பில்லை.

"பாதி நேரம் வேணாம்னுதான் சொல்வேன்" என்றாள்.

அவன் சுருட்டிய கம்பியை ஆணியில் மாட்டினான். மீதிப் பாதியைப் பற்றி அவன் கேட்கவில்லை. ராத்திரிச் சாப்பாட்டுக்கு உருளைக்கிழங்கை யார் உரிப்பது என்றும் அன்று இருவரும் கேட்டுக்கொள்ளவில்லை. ரொட்டியில் கொழுப்பைத் தடவி, நின்றபடியே தின்றார்கள்.