வளைகாப்பு அன்று எடுத்த ஸ்கேன்

எனக்கு ஸ்கேனுக்குத் தேதி கிடைத்த வெள்ளிக்கிழமையையே அக்காவின் மாமியார் வீட்டார் வளைகாப்புக்கும் குறித்தார்கள். என் தேதியை யாரும் பொருட்படுத்தவில்லை.

எர்ணாவூரில் எங்கள் குடும்பத்தில் காலேஜ் படியேறியவள் நான் ஒருத்திதான். கண்டெய்னர் யார்டு அலுவலகத்தில் கம்ப்யூட்டர் வேலை. சில மாதங்களாகக் காலையில் விரல்கள் மடங்குவதில்லை. மணிக்கட்டு வீங்கிக் கிடக்கும். குடத்தைத் தூக்க முடியாமல் நிற்பேன். அம்மா அதைப் பிடுங்கிக்கொண்டு மாடியேறுவாள்.

"படிச்ச கையாச்சே, தண்ணி தூக்குமா?"

அக்காவைக் கட்டிக்கொடுத்தது எதிர் பிளாக்கில். அவள் உண்டானதிலிருந்து பாதி நாள் எங்கள் வீட்டில்தான். அவளுக்குக் கால் வீங்கினால் அம்மா வெந்நீர் வைப்பாள், மடியில் போட்டுப் பிடித்துவிடுவாள். கை வீங்கிய எனக்கு வசவு.

ரத்தப் பரிசோதனையிலும் எக்ஸ்ரேயிலும் ஒன்றும் தெரியவில்லை. "எலும்பு அரிச்ச பிறகுதான் எக்ஸ்ரேல தெரியும்மா. அழற்சி இப்ப எங்க இருக்குன்னு இந்த ஸ்கேன் சொல்லிடும்" என்றார் டாக்டர். அம்மா நம்பவில்லை.

"ஒண்ணியும் இல்லன்னு ரெண்டு டெஸ்ட்ல வந்துச்சு. அக்காவ கவனிக்கிறன்னு உனக்கு வர்ற வலிடி இது. தேதிய தள்ளி வை."

அதில் பாதி உண்மை. பொறாமை எனக்கு இருந்தது. வலியும் இருந்தது. ஸ்கேனிலும் ஒன்றுமில்லை என்று வந்துவிட்டால், பொறாமை மட்டுமே மிஞ்சும். அதனால் தள்ளி வைக்கவில்லை.

தனியாகத்தான் போனேன். கதிர்வீச்சு மருந்தை நரம்பில் ஏற்றி, அது எலும்பில் சேரும்வரை தண்ணீர் குடித்துக்கொண்டே காத்திருக்கச் சொன்னார்கள். பிறகு காமெராவின் கீழ் அசையாமல் படுத்திருந்தேன். அங்கே வளையல்களை அடுக்கிக்கொண்டிருப்பார்கள் என்ற நினைப்பு மட்டும் ஓயவில்லை. கிளம்பும்போது நர்ஸ் கேட்டார்: "வீட்ல கர்ப்பமா யாராவது இருக்காங்களா? இன்னிக்கு முழுக்க அவங்க பக்கத்துல போகக் கூடாது."

வீடு திரும்பியதும் நேராக மொட்டை மாடிக்குப் போனேன். கீழே இரண்டு பிளாக்குகளுக்கும் நடுவே பந்தல். அக்காவின் இரண்டு கைகளிலும் முழங்கை வரை கண்ணாடி வளையல். கன்னத்தில் சந்தனம். அம்மா அவள் தலையில் பூவைச் சரிசெய்துகொண்டே இருந்தாள். என்னைப் பார்த்ததும் அக்கா எழுந்து எங்கள் படிக்கட்டை நோக்கி வந்தாள்.

"ஏறாதக்கா! கிட்ட வராத!" என்று கத்தினேன்.

பந்தலே நிமிர்ந்து பார்த்தது. அக்காவின் மாமியார் சும்மா இருப்பாரா? "இன்னா சம்பந்தி, சின்னதுக்கு வயிறு எரியுது போலக்கீதே! ஒரு கிளாஸ் மோர் குடுத்து அனுப்பு."

எல்லாரும் சிரித்தார்கள். அம்மா சிரிக்கவில்லை. கலவை சாதத் தட்டோடு மூச்சு வாங்க மேலே வந்தாள்.

"நல்ல நாளும் அதுவுமா புள்ளத்தாச்சிய வெரட்டுறியே, நீ படிச்சவளா?"

"ஊசி போட்டிருக்காங்கம்மா. இன்னிக்கு அவ கிட்ட நான் போனா வயித்துல இருக்கிறதுக்கு ஆகாது." பிறகு டாக்டர் திரையில் காட்டியபோது எடுத்த படத்தை போனில் நீட்டினேன். சாம்பல் நிறத்தில் என் இரண்டு கைகள். இரண்டு மணிக்கட்டிலும் விரல் கணுக்களிலும் மை கொட்டியதுபோல் கறுப்பு.

"இன்னாடி இது?"

"கறுப்பா இருக்கிற எடமெல்லாம் வீக்கம். மூட்டு வாதம். மருந்து சாப்பிட்டா அடங்குமாம்."

அம்மா படத்தைப் பார்த்தாள், என் கையைப் பார்த்தாள், மறுபடி படத்தைப் பார்த்தாள். "ரெண்டு கையிலியுமா?" என்றவள் குரல் இறங்கியிருந்தது. பக்கத்தில் உட்கார்ந்து, எலுமிச்சை சாதத்தைப் பிசைந்து என் வாயருகே நீட்டினாள்.

கீழேயிருந்து அக்கா கூப்பிட்டாள். "எம்மா, ஆரத்தி எடுக்கணுமாம், வா!"

"இரு, வரேன்" என்றாள் அம்மா. ஆனால் எழுந்திருக்கவில்லை. அடுத்த உருண்டையை உருட்டினாள். அக்கா இன்னொரு முறை கூப்பிட்டாள். நான் வாயிலிருந்ததை மெதுவாக, மிக மெதுவாக மென்றேன்.