முகம் திருப்பிய ஆட்டக்காரன்

ஐந்து குழுப்படங்கள். ஐந்திலும் பின்வரிசையில் இடப்பக்கம் நிற்கும் ஒருவன் மட்டும், படம் எடுக்கும் நேரம் பார்த்து முகத்தைத் திருப்பியிருந்தான். ஒருமுறை என்றால் தற்செயல் எனலாம். ஐந்து முறை என்றால் ஏதோ களவு இருக்கிறது என்று எனக்குப் பட்டது.

லண்டன் இல்ஃபோர்ட்டில் எங்கள் பங்குக் கோவிலுக்கு வரும் ஐரிஷ்காரர்கள் இளமையில் தொடங்கிய கால்பந்துக் கழகம் அது. அதன் வரலாற்றைச் சிறு புத்தகமாக்க ஆசைப்பட்டார், எண்பதைத் தாண்டிய செயலாளர். தட்டச்சு செய்ய என்னைப் பிடித்துக்கொண்டார். நான் யாரையும் எளிதில் நம்புகிறவன் அல்ல. மன்னாரிலிருந்து புறப்பட்ட நாளில் ஒட்டிக்கொண்ட வியாதி.

பட்டியல்களில் அந்த ஆட்டக்காரனின் பெயர் இருந்தது. மற்ற எல்லோரையும்விட அதிகக் கோல்களும் இருந்தன. ஆள் எங்கே என்று கேட்டேன். ஊருக்குப் போய்விட்டான் என்றார். அடுத்த ஞாயிறு கேட்டபோது கனடா என்றார். அவனை இவர்தான் ஏதோ செய்துவிட்டார் என்று நான் முடிவே கட்டிவிட்டேன்.

மூன்றாம் ஞாயிறு பூசை முடிந்து தேநீர் நீட்டியபோதுதான் அவருடைய இடக்கைச் சுண்டுவிரலைக் கவனித்தேன். வெளிப்புறமாக வளைந்திருந்தது. படத்தில் அவன் இடுப்பில் ஊன்றிய கையிலும் அதே வளைவு.

"அது நீங்கள்தானே?"

"யாருக்காகக் கேட்கிறாய்?" என்றார். எழுந்துபோய்க் கதவைச் சாத்திவிட்டு வந்துதான் மிச்சத்தைச் சொன்னார். அவர்கள் நாட்டுக்கென்று தனிக் கால்பந்து உண்டு. அதை ஆடுகிறவன் ஆங்கிலேயரின் கால்பந்தைத் தொட்டால் அந்தக் காலத்தில் சங்கத்திலிருந்தே விலக்கிவிடுவார்களாம். மைதான ஓரத்தில் நின்று வேவு பார்க்கவும் ஆள் வருமாம். ஊரில் அந்தச் சங்கத்தை நடத்தியவர் இவருடைய தகப்பன். ஆகவே இவர் சனிக்கிழமை சொந்தப் பெயரில் அதை ஆடினார். ஞாயிறு பொய்ப் பெயரில் இதை ஆடினார். அந்த விதி ஒழிந்து வெகுகாலம். தகப்பனும் இல்லை. இப்போதாவது உண்மைப் பெயரைப் போடுவோம் என்றேன். வேண்டாம் என்றார்.

எனக்குக் கோபம். வீட்டில் மனைவியிடம் கொட்டினேன்.

"பொய்ப் பேரைப் போட்டு என்னப்பா சரித்திரம்?"

அவள் பயற்றங்காய் வெட்டியபடி, நிமிராமலே கேட்டாள்: "நீங்கள் ஆரின்ரை பேரிலை இந்த நாட்டுக்கு வந்தனீங்கள்?"

வேறொருவனின் பாஸ்போர்ட்டில் வந்தவன் நான். விசா, வீடு, பங்குப் பதிவேடு எல்லாம் இன்றும் அவன் பெயரில்தான். செயலாளர் விரும்பிய பொய்ப் பெயரையே அடித்துக் கொடுத்தேன்.

கடைசிப் பக்கத்தில் தட்டச்சு செய்தவர் பெயரையும் போடவேண்டும் என்றார் செயலாளர். பேனாவை எடுத்தவர், கண்ணைச் சுருக்கி என்னைப் பார்த்தார்.

"எந்தப் பெயரை எழுத?"

என் பெயரைப் பற்றி நான் அவரிடம் ஒன்றும் சொல்லியிருக்கவில்லை. பாஸ்போர்ட் பெயரையே சொன்னேன். எழுதிக்கொண்டார், நம்பவில்லை என்பது முகத்தில் தெரிந்தது.

சென்ற மாதம் அவரை அடக்கம் செய்தோம். இந்த லண்டனில் என் சொந்தப் பெயரைக் கேட்ட ஒரே மனிதர் அவர். அவரிடமும் நான் சொல்லவில்லை.